ஒற்றைக் கோட்டுக்காரரும் காது கிழிந்த கிடாரியும்

புளி சுற்றி வந்த காகிதத்தில்தான் அந்தக் குண்டு மனிதரை முதன்முதலாகப் பார்த்தேன். என் மாமியார் காங்கேயம் சந்தையில் வாங்கி வந்த புளி அது. மலையில் ஏதோ ஒரு எஸ்டேட் துரை படித்துவிட்டு எடைக்குப் போட்ட இங்கிலீஷ் பத்திரிகையாக இருந்திருக்க வேண்டும். புளிக்கறை பட்டு ஒரு மூலை ஊறிப் போயிருந்தது. மிச்சத்தில் கோடு போட்டு நாலு கட்டம். நாலு கட்டத்திலும் தொப்பி வைத்த ஒரு குண்டு மனிதர். முதல் கட்டத்தில் ஏணி மேல் நிற்கிறார். அடுத்ததில் ஏணி சாய்கிறது. மூன்றாவதில் காலிரண்டும் ஆகாயத்தில். கடைசியில் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் தலை மட்டும் தெரிய உட்கார்ந்திருக்கிறார். தொப்பி மட்டும் நனையவில்லை.

எனக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாது. இருந்தும் சிரித்துவிட்டேன். வாய்விட்டே சிரித்தேன். கல்யாணமாகி அந்தச் சாளைக்கு வந்த பிறகு என் சிரிப்புச் சத்தத்தை நானே கேட்டது அன்றைக்குத்தான். கேட்டதும் எனக்கே திக்கென்றது. யாராவது பார்த்துவிட்டார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். பார்க்க யார் இருந்தார்கள்? அடுப்பு இருந்தது, புளிப்பானை இருந்தது.

எங்கள் பக்கத்தில் நிறையப் பேருக்கு வீடு ஊருக்குள் இருக்காது. அவரவர் தோட்டத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டு குடியிருப்பார்கள். அதற்குத்தான் சாளை என்று பேர். ஒரு சாளை, ஒரு கிணறு, மாடு கட்டுகிற கட்டுத்தறி, அதைத் தாண்டினால் கொழுக்கட்டைப் புல் முளைத்த மேய்ச்சல் காடு, காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி. இந்த வேலிக்கும் பக்கத்துத் தோட்டத்து வேலிக்கும் நடுவே ஒரு வண்டி போகிற அளவுக்குச் சந்து. அதை இட்டேரி என்போம். இட்டேரியில் ஆள் நடமாட்டம் இருந்தால் நாய் குரைக்கும். நாய் குரைக்காத நாட்களே அதிகம்.

மாமியார் எனக்கு வேற்று மனுஷி ஒன்றும் இல்லை. எங்கள் ஐயனுடைய சொந்த அக்கா. அப்பாவை நாங்கள் ஐயன் என்போம். சின்ன வயதிலேயே தாயில்லாமல் போன ஐயனை இந்த அத்தைதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாராம். மாமனார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர்களுக்கு ஒரே மகன். அவர்தான் என் வீட்டுக்காரர். கோயமுத்தூரில் ஒன்றன்பின் ஒன்றாக மில்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். கரண்டு வந்துவிட்டது, இனி மாட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறவன் அழட்டும் என்று அவர் ஒரு மில்லில் பிட்டர் வேலைக்குப் போய்விட்டார். அங்கே நாலைந்து ஆண்களோடு ஓர் அறையில் தங்கல். நோம்பி, பண்டிகை என்றால் வருவார். வந்த வேகத்தில் போய்விடுவார். ஆக, அந்தச் சாளையில் அத்தையும் நானும்தான்.

அத்தை கொடுமைக்காரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என்னை ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து பால் கறந்து, எனக்குக் கம்பங்கூழைக் கரைத்து மூடி வைத்துவிட்டுக் காட்டுக்குப் போய்விடுவார். எந்த மாமியார் மருமகளுக்குக் கரைத்து வைப்பார், சொல்லுங்கள். ஆனால் பேச்சு? மூச்! பொழுது சாய்ந்து வருவார், சாப்பிடுவார், படுப்பார். நான் எதையாவது கேட்டால் ‘ம்’ என்பார். மாடுகளிடம் என்றால் மட்டும் வாய் ஓயாது. ‘ஏஞ்சாமி, வயிறு ரொம்புச்சா? காலு வலிக்குதா என்னோட தங்கத்துக்கு?’ என்று கொஞ்சுவது அடுக்களை வரைக்கும் கேட்கும். மாட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பெண்பிள்ளையை நீங்கள் கண்டதுண்டா? இல்லையென்றால் என்னைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பிறந்த வீட்டில் நாங்கள் ஆறு பேர். காலையில் ஆரம்பித்த சண்டை பொழுது சாய்ந்தாலும் ஓயாது. அந்த இரைச்சலில் வளர்ந்தவளைக் கொண்டுவந்து இந்த அமைதிக்குள் போட்டால் என்ன ஆவாள்? நான் என்னோடேயே பேச ஆரம்பித்தேன். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து ‘ஏனுங்க, சௌக்கியங்களா?’ என்று கேட்பேன். கிணறு அதையே திருப்பிக் கேட்கும். ஒரு நாள் அப்படிக் கேட்டுவிட்டு அழுதுவிட்டேன். பயந்தும் போனேன்.

வீட்டுக்காரரிடம் ஒரு தடவை துணிந்து கேட்டேன், என்னையும் கோயமுத்தூருக்குக் கூட்டிப் போங்கள் என்று. அவர் நல்ல மனுஷன்தான். கோபப்படவில்லை.

“லைன் வீடு ஒண்ணு கெடைக்கும் போல இருக்குது. ஆனா அம்மாகிட்ட நான் போய் அதெப் பேச முடியாது. மாமன் ஒரு வார்த்த சொல்லட்டும். அம்மா மாமனோட பேச்சத் தட்டாது” என்றார்.

மாமன் என்றால் எங்கள் ஐயன். ஆக, ஐயன் அக்காவிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் சொல்ல வேண்டுமானால் நான் இங்கே எப்படி இருக்கிறேன் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதை எப்படித் தெரிவிப்பது?

வாய் இருக்கிறதே, சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று இந்தக் காலத்துப் பெண்கள் கேட்பார்கள். ஐயன் வருவதே நோம்பிக்கு நோம்பி. வந்தால் அக்காவும் தம்பியும் எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொள்வார்கள். நான் சோறு போட்டு நகர்ந்துவிட வேண்டும். அத்தையை வைத்துக்கொண்டு ‘உங்கள் அக்கா வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை’ என்று எந்த வாயால் சொல்வது? கடுதாசி போடலாமென்றால் ஐயனுக்கு எழுத்து வாசனையே கிடையாது. ஊர் வாத்தியார்தான் உரக்கப் படித்துக் காட்டுவார், சாவடியில் இருக்கிற அத்தனை பேரும் காது கொடுத்துக் கேட்பார்கள். பொழுதோடே என் மானம் ஊர் முழுக்கச் சுற்றி வந்துவிடும்.

அந்த யோசனையிலேயே இருந்தபோதுதான் புளிக் காகிதம் வந்தது. குண்டு மனிதர் ஏணியிலிருந்து விழுந்ததை எனக்கு யாரும் படித்துச் சொல்லவில்லையே! கட்டம் கட்டமாகப் பார்த்தேன், புரிந்தது. அதே மாதிரி என் கதையைக் கட்டம் போட்டு எழுதிவிட்டால்? அத்தை எதிரிலேயே ஐயனிடம் நீட்டலாம். பிள்ளை படம் எழுதியிருக்கிறாள் என்று அத்தை நினைத்துக்கொள்வார். ஐயனுக்கு மட்டும் சேதி போய்ச் சேரும். குண்டு மனிதரைத் துடைத்து அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

வீட்டுக்காரர் எதைக் கொண்டு வந்தாலும் மில்லில் நூல் பண்டல் சுற்றுகிற கெட்டிக் காகிதத்தில்தான் சுற்றிக் கொண்டு வருவார். அதை நீவி நீவி எடுத்து வைத்திருந்தேன். ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமாக மில்லில் கணக்குப் பார்க்கிறவர்கள் வைத்திருக்கும் பென்சில் ஒன்று, துண்டானதும் எனக்கு வந்து சேர்ந்தது. அடுப்புக்கரிக்குக் குறைவில்லை. கோலம் போட்டுப் பழகிய கை, கோடு நேராக வரும். வேறென்ன வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. கட்டம் போடுவது சுலபம், அதற்குள் ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் பாடு. கதையில் வருகிறவள் நான். கையகலக் கண்ணாடியை வைத்துக்கொண்டு என் மூஞ்சியை நானே எழுதிப் பார்த்தேன். மூக்கு மட்டும் பிடிபடவில்லை. முதல் கட்டத்தில் பெரியம்மா மூக்காக வந்தது, அடுத்ததில் சித்தப்பா மூக்கு. சொந்தக்காரர்கள் எல்லோரும் வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள், நான் மட்டும் வரவில்லை. போகிறது சனியன் என்று மூக்கையே விட்டுவிட்டேன். இரண்டு கண், ஒரு பொட்டு, நீளச் சடை. அதுவே போதும் என்று முடிவு செய்தேன்.

ஒன்பது கட்டம். நடுக்கட்டத்தைப் பெரிதாகப் போட்டேன். அதில் நான் கிணற்று மேட்டில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். சுற்றிலும் எட்டுக் கட்டம். ஒன்றில் வாசல் கூட்டுகிறேன், ஒன்றில் தண்ணீர் சேந்துகிறேன், ஒன்றில் வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு இட்டேரியைப் பார்க்கிறேன், ஒன்றில் விளக்கேற்றுகிறேன். எதிலும் என்னைத் தவிர ஒரு காக்கை குருவிகூட இல்லை. பார்த்தவர்களுக்கு ஈரக்குலை நடுங்க வேண்டும் என்று நினைத்துத்தான் எழுதினேன். கையில் சிவப்பும் நீலமும் இருந்ததால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு கட்டத்தில் சிவப்புச் சேலை, அடுத்ததில் நீலச் சேலை, அதற்கடுத்ததில் கட்டம் போட்ட சேலை. ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொரு நாள் இல்லையா? ஒன்பது நாளும் ஒரே சேலையைக் கட்டுவேனா நான்? அந்தக் குண்டு மனிதர் நாலு கட்டத்திலும் ஒரே கோட்டுதான் போட்டிருந்தார். பாவம், மாற்றுக் கோட்டுக்கு வழியில்லாதவர் போலிருக்கிறது என்று அவருக்காக இரக்கப்பட்டேன்.

ஆடி நோம்பிக்கு ஐயன் வந்தார். சாப்பிட்டுக் கை கழுவி வெற்றிலை போட்டுக்கொண்டு அத்தைக்கு எதிரே உட்கார்ந்தார். நான் காகிதத்தைக் கொண்டுபோய் நீட்டினேன்.

“படம் எழுதினனுங்க ஐயா. பாருங்க.”

ஐயன் துண்டில் விரலைத் துடைத்துக்கொண்டு மரியாதையாக வாங்கினார். சாமி படத்தைப் பார்க்கிற மாதிரி முதலில் நடுக்கட்டத்தைப் பார்த்தார், பிறகு சுற்றிலும் பார்வையை ஓட்டினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ கண் கலங்கும், இதோ கலங்கும் என்று காத்திருந்தேன். ஐயன் சிரித்தார்.

“அட! எத்தன புள்ளைக! ஒருத்தி கூட்டறா, ஒருத்தி தண்ணி சேந்தறா, நடுவுல பெரியவளாட்ட ஒருத்தி சாவகாசமா உக்காந்து வேல வாங்கறா. எல்லாரும் ஒட்டுக்கா இருக்கறதப் பாத்தா கண்ணு நெறஞ்சு போச்சு கண்ணு. ஏனுங்கக்கா, பக்கத்துத் தோட்டத்துப் புள்ளைகெல்லாம் இங்க வருதுகளா?”

அத்தை எட்டிப் பார்த்தார். கன்று கத்தியது என்று எழுந்து போய்விட்டார்.

“அதெல்லாம் ஒருத்திதானுங்க ஐயா” என்றேன்.

“ஒருத்தி எப்பிடிக் கண்ணு ஒம்பது எடத்துல இருப்பா? சேலயெல்லாம் வேற வேறயாட்ட இருக்குதே” என்று இன்னும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “உன்ற ஆத்தாகிட்டப் போனவுடனே சொல்லிப்போடறேன். புள்ள ஒத்தையில கெடக்குமேன்னு அவ ராவும் பகலும் பொலம்பிட்டே இருந்தா. இப்ப நிம்மதியாப் போச்சு.”

தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எனக்காகக் கவலைப்பட ஒரு ஜீவன் இருந்தது, அந்தக் கவலையையும் என் கையாலேயே தீர்த்து வைத்துவிட்டேன். ஐயன் சந்தோஷமாக இட்டேரியில் நடந்து போவதைப் படலைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பெற்ற மகளைத் தெரியாதா இந்த மனுஷனுக்கு? சந்தையில் ஆயிரம் மாட்டுக்கு நடுவில் தன் மாட்டை முதுகைப் பார்த்தே சொல்லிவிடுகிறவருக்கு, ஒரு காகிதத்தில் மகளை அடையாளம் தெரியவில்லையே! போய் அந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டேன். குண்டு மனிதரையும் போடலாம் என்று எடுத்தேன். எடுத்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

ஒரே கோட்டு. ஒரே தொப்பி. தண்ணீருக்குள் விழுந்தாலும் நனையாத தொப்பி! அடப்பாவி மனுஷா, உனக்கு மாற்றுக் கோட்டு இல்லாமலா? அந்தக் கோட்டை வைத்துத்தானே நாலு கட்டத்திலும் இருப்பது நீ ஒருத்தன்தான் என்று எனக்குத் தெரிந்தது! சேலை மாற்றி மாற்றி உடுத்தி, இருந்த ஒருத்தியை ஒன்பது பேராக்கிய முட்டாள் நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் பென்சிலையே தொடவில்லை. மழை வந்தது, போனது. கேழ்வரகு நட்டு, கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். ஒரு நாள் நான் கூழ் கொண்டுபோனபோது அத்தை வயலில் நின்று தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு பாத்தி நிறைந்ததும் மண்வெட்டியால் அந்த மடையை அடைத்து அடுத்த பாத்தியின் மடையைத் திறப்பார். தண்ணீர் திரும்பும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. வரப்பில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தவள் எழுந்துவிட்டேன். இதுவும் கட்டம்தானே! ஐயன் ஆயுசு முழுக்க இந்தக் கட்டங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். எந்தக் கட்டத்துக்குப் பிறகு எந்தக் கட்டம் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே கோட்டில் ஒரு மடையைத் திறந்து விட்டால், அவர் கண் தண்ணீர் மாதிரி அந்த வழியாகவே போகும்.

அடுத்தது ஆள். இந்தத் தடவை ஆளே வேண்டாம் என்று தீர்மானித்தேன். மனுஷரை எழுதினால் ஐயன் மறுபடியும் தலையை எண்ண ஆரம்பித்துவிடுவார். மாடு எழுதலாம். மாடென்றால் அவருக்குத் தப்பாது. எங்கள் ஐயன் வீட்டில் கிடாரி, அதாவது பெண் கன்று, ஒன்று இருந்தது. நாய் கவ்வி அதன் இடது காது இரண்டாகக் கிழிந்து தொங்கும். ஐயனும் நானுமாகத்தான் மஞ்சள் பற்றுப் போட்டு ஆற்றினோம். அந்தக் காதைக் கட்டத்துக்குக் கட்டம் எழுதிவிட்டால் வேறு மாடு என்று சொல்லிவிடுவாரா? அதோடு எங்கள் பக்கத்துக் கன்றுகள் பிறக்கும்போது சிவலையாக இருந்து, வளர வளர வெளுக்கும். முதல் கட்டங்களில் சிவப்புப் பென்சில், போகப் போக நிறம் குறைத்துக் கடைசியில் வெறும் கரிக்கோடு. நாள் போனது தானாகத் தெரிந்துவிடும். சேலையில் ஏமாந்தது கன்றில் பலித்தது என்று எனக்கு ஒரே குஷி.

ஆனால் மாட்டுக்குக் கால் எழுதுவது இருக்கிறதே, அது மூக்கைவிட மோசம். பின்னங்கால் எந்தப் பக்கம் மடங்கும்? தினமும் பார்க்கிற மாடு, எழுதப் போனால் தெரியவில்லை. கட்டுத்தறியில் போய் நின்று பார்த்தேன். அது ஓரிடத்தில் நின்றால்தானே! அத்தை வந்தார்.

“என்னம்மிணி, மாட்ட இப்பிடிப் பாக்கற?”

“படம் எழுதறனுங்க அத்தை. காலு வரமாட்டேங்குதுங்க.”

அவர் ஒரு கிடாரியை அவிழ்த்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, நான் எழுதி முடிக்கும் வரைக்கும் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கும் அதற்கு மேல் பேச்சில்லை.

பாத்தி பாத்தியாகக் கதை நடந்தது. முதல் பாத்தியில் சிவலைக் கன்று தாயின் மடியில் முட்டுகிறது. அடுத்ததில் கன்றின் கழுத்துக் கயிறு கட்டத்தின் ஓரம் வரைக்கும் போகிறது, இழுக்கிற கை தெரியாது. அடுத்ததில் வேறு கட்டுத்தறி. கன்றுக்கு முன்னால் தீனி வைக்கிற தாளி நிறைந்திருக்கிறது, கன்று வாய் வைக்கவில்லை. அடுத்ததில் நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, தாளி நிறைந்திருக்கிறது, கன்று வேலிப் பக்கம் திரும்பி நிற்கிறது. அடுத்ததிலும் அப்படியே. கடைசிப் பாத்தியில் கிடாரி வெள்ளையாகிவிட்டது, விலா எலும்பு தெரிகிறது, தாளி நிறைந்திருக்கிறது, அது வேலியைத்தான் பார்க்கிறது. ஒவ்வொன்றிலும் கிழிந்த காது.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் ஐயன் வந்தார். அத்தையும் அவரும் வழக்கம்போல எதிரெதிரே. நான் காகிதத்தை நீட்டினேன். அதற்குள் வளையல் முழங்கைக்கு ஏறும் அளவுக்கு நான் இளைத்திருந்தேன்.

ஐயன் வாங்கினார். விரலை முதல் பாத்தியில் வைத்தார். மடை திறந்திருந்த வழியாக விரல் அடுத்த பாத்திக்குப் போனது. எனக்கு உயிர் வந்தது.

“இது நம்மூட்டுக் காது கிழிஞ்ச கிடாரியல்ல?” என்றார். இன்னொரு பாத்தி போனார். நெற்றி சுருங்கியது. “இத எப்பக் கண்ணு வித்தோம்? காலைல கூடச் சோளத்தட்டுப் போட்டுட்டுத்தான வந்தேன்?”

அவர் விரல் கடைசி வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் கழுத்தெலும்பைப் பார்த்தார், கையைப் பார்த்தார். சந்தையில் மாடு பிடிக்கிறவர் பார்க்கிற பார்வை அது.

“ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?” என்றார் மெதுவாக. விரல் கிடாரி மேலேயே இருந்தது.

“இல்லீங்க.”

“அடிக்கறாங்களா?”

“அய்யோ, அதெல்லாம் இல்லீங்க.”

“தீனி கொறச்சலா?”

“இல்லீங்க. தாளி நெறயத்தான் இருக்குதுங்க.”

“பொறகென்ன?”

“பக்கத்துல ஒண்ணுமே இல்லீங்க ஐயா. பூராப் பொழுதும் ஒத்தையில நிக்குதுங்க.”

ஐயன் காகிதத்தைக் கட்டில் மேல் வைத்தார். துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ஐயன், “ஏனுங்கக்கா, சித்தே அந்தக் கட்டுத்தறிப் பக்கம் வாங்க” என்று எழுந்தார். இரண்டு பேரும் போனார்கள். நான் அடுக்களைக் கதவோரம் நின்று பார்த்தேன். பேச்சு கேட்கவில்லை. ஐயன்தான் பேசினார். அத்தை ஒரு பசுவின் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டார். ஒரு தடவை தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

அன்று இரவு சாப்பிடும்போது அத்தை, “மாசி பொறந்ததும் நீயும் அவங்கூட கோயமுத்தூருக்குப் போயிரு அம்மிணி” என்றார். நான் ‘சரிங்க’ என்றேன். வாயைத் திறந்தால் சந்தோஷத்தில் என்ன சத்தம் வருமோ என்று பயமாக இருந்தது. கிணற்றடியில் போய் நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன். ஜெயித்துவிட்டேன்! ஒரு காகிதத்தில் கரியால் கீறி, யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லாமல், கேட்டதை வாங்கிவிட்டேன். இத்தனை கெட்டிக்காரி இந்தச் சீமையிலேயே கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

மாசியில் வீட்டுக்காரர் வந்தார். லைன் வீடு கிடைத்திருந்தது. காங்கேயம் போய் பஸ் பிடிக்க வேண்டும் என்பதால் விடிந்ததும் வண்டி பூட்டினார்கள். அத்தை கம்பு, ராகி, நெய்ச்சட்டி, கருப்பட்டி என்று எடுத்து எடுத்து வண்டியில் வைத்துக்கொண்டே இருந்தார். நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். இறங்கி ஒத்தாசை செய்யக்கூடத் தோன்றவில்லை. வண்டி எப்போது நகரும் என்றே இருந்தது.

கடைசியாக ஒரு தடவை உள்ளே போனவர் கையில் ஒரு காகிதத்தோடு வந்தார். என் கிடாரிப் படம். ஐயன் கட்டிலில் வைத்துவிட்டுப் போன பிறகு அதை நான் தேடவே இல்லை. வேலை முடிந்த காகிதம்தானே!

“இத உட்டுப்போட்டுப் போறியே அம்மிணி” என்றார். வண்டிப் பலகையின் மேல் காகிதத்தை விரித்து வைத்து ஒரு தடவை பார்த்தார். “நல்லா எழுதியிருக்க. காலெல்லாம் சரியா வந்திருக்குது.”

“நீங்க புடிச்சு நின்னீங்களல்லங்க” என்றேன்.

அத்தை தலையாட்டினார். பிறகு ஒரு பாத்தியில் விரல் வைத்தார். அங்கிருந்து அடுத்ததுக்கு, அதற்கடுத்ததுக்கு. விரல் போனது கிடாரி மேல் இல்லை, தாளி மேல்.

“எல்லாத்துலயும் தாளி நெறஞ்சிருக்குது. இதுல தீனி வெச்ச ஆளு எங்க?”

“ஆளுகள எழுதினா ஐயனுக்குக் கொழப்பமாப் போயிருமுன்னு உட்டுப்போட்டனுங்க அத்தை” என்றேன். அது உண்மைதான். உண்மையாக இருந்தும் சொல்லும்போது வாய் கூசியது.

“ம்” என்றார். காகிதத்தை மடித்து என் மடியில் வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

“நீ வந்த நாள்ல இருந்து இந்தச் சாளையில நாம ரெண்டு பேரு இருக்கறோமுன்னு நெனச்சுட்டு இருந்தேன்” என்றார்.

வண்டிக்காரர் மாடுகளைத் தட்டினார். வீட்டுக்காரர், “போயிட்டு வாரேனுங்கம்மா” என்றார். அத்தை படலைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் இறங்கவில்லை.